முதல் மணிநேரம் யாருக்கு உரியது?

பதினொரு மாதம் வயிற்றில் இருந்துவிட்டு வெளியே வரும் குதிரைக்குட்டி கண் திறந்தே பிறக்கிறது. ஒரு மணி நேரத்தில் அது எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடித்திருக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்திருக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்தக் கணக்கில் மனிதனுக்குப் பெரிய வேலை இல்லை. வேலை இருக்கிறது, அதுவும் குதிரையின் ஆயுள் முழுக்கப் பயன் தரும் வேலை என்று சொன்னவர் ராபர்ட் மில்லர். கலிபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸில் நெடுங்காலம் கால்நடை மருத்துவம் பார்த்தவர். சிக்கலான பிரசவங்களில் தன் கையால் வெளியே எடுத்த குட்டிகள் பின்னாளில் தன்னைக் கண்டு மிரளாமல் நிற்பதை அவர் கவனித்தார். அந்தக் கவனிப்பு ஒரு முறையாக வளர்ந்து, 1991-இல் புத்தகமாயிற்று. அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய அந்த முறைக்கு ‘இம்பிரிண்ட் பயிற்சி’ என்று பெயர். தமிழில் பதிவுப் பயிற்சி எனலாம். குதிரைக்குட்டியின் முதல் ஆண்டைப் பற்றிப் பேச வரும் எவரும் இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இதற்குள் நல்ல அறிவு இருக்கிறது. ஆனால் அந்த அறிவு செலவிடப்படும் நேரம் தவறு என்பதே என் வாதம்.

முறை இதுதான். குட்டி எழுவதற்கு முன்பே அதைப் படுத்த நிலையில் பிடித்துக்கொண்டு ஈர உடம்பைத் துடைக்க வேண்டும். பிறகு காது, மூக்குத்துளை, வாய், நாக்கு, வால், ஆசனவாய், நான்கு குளம்புகள் என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பத் தொட வேண்டும். முப்பது முறை, ஐம்பது முறை, தேவைப்பட்டால் நூறு முறைகூட. குளம்படியை உள்ளங்கையால் தட்டுவது நாளை லாடம் அடிப்பவருக்காக. வாய்க்குள் விரல் விடுவது கடிவாளத்துக்கும் குடற்புழு மருந்துக்கும். ஆசனவாயைத் தொட்டுப் பழக்குவது காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிக்கு. மயிர் கத்தரிக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு உடம்போடு வைப்பதும் பிளாஸ்டிக் தாளைச் சரசரவென்று மேலே தேய்ப்பதும் உண்டு. சவாரி செய்பவரின் கால் படப்போகும் விலாவை மட்டும் இப்படி மரத்துப்போக விடக் கூடாது. அந்த இடத்தில் தொடு உணர்ச்சி கூர்மையாகவே இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று: குட்டி திமிறும்போது கையை எடுக்காதே, அது அடங்கிய பிறகே எடு. மில்லரின் கூர்மை இந்த விதியில்தான் தெரிகிறது. ஆபத்தை விட்டு ஓடிப் பிழைக்கும் பிராணி குதிரை. திமிறினால் கை விலகும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் திமிறும். பிறந்தபோது ஐம்பது கிலோ இருந்த பெரிய இனக் குட்டி ஒரே ஆண்டில் முந்நூறு கிலோவை எட்டிவிடும். அப்போது அந்தப் பாடத்தை அழித்தெழுதுவது மனிதனுக்கும் ஆபத்து, குதிரைக்கும் துன்பம். இரண்டு மூன்று ஆண்டுகள் கைபடாமல் மேயவிட்டு, ஒருநாள் கயிறு போட்டு இழுத்து, சேணம் கட்டி, துள்ளல் ஓயும்வரை மேலே ஏறி உட்காருவதையே பயிற்சி என்று கருதிய வழக்கம் அமெரிக்க மேற்கில் நெடுங்காலம் இருந்தது. அந்த வன்முறைக்கு மாற்றாக, அச்சம் முளைக்கும் முன்பே பழக்கிவிடு என்று சொன்னவர் மில்லர். அந்த நன்றி அவருக்கு உரியது.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. பதிவு என்ற கருத்து வாத்துகளிடமிருந்து வந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த சாம்பல் வாத்துக் குஞ்சு, தன் முன் முதலில் அசைவதைத் தாயாகக் கொண்டு பின்தொடரும்; அதற்கென்று குறுகிய காலமே உண்டு; ஒருமுறை பதிந்தது எளிதில் மாறாது. 1930-களில் கொன்ராட் லோரென்ஸ் இதை விரித்து எழுதினார். குதிரைக்குட்டியும் பிறந்த உடனே நடந்து தாயைப் பின்தொடரும் பிராணி என்பதால் அதற்கும் இது பொருந்தும் என்று மில்லர் கொண்டார். ஆனால் குதிரையில் அந்தப் பிணைப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டப்படுகிறது. தாய் நக்கி, முகர்ந்து, தன் குட்டியின் வாசனையை முதல் சில மணி நேரத்துக்குள் அறிந்துகொள்கிறது. குட்டிக்குத் தாயைத் தெளிவாக இனங்காணச் சில நாட்கள் பிடிக்கும். ஆக, முதல் மணிநேரம் குட்டிக்கு எவ்வளவு முக்கியமோ அதைவிடத் தாய்க்கு முக்கியம். மாட்டுத்தொழுவத்தில் கன்று ஈனும் நேரம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பசு நக்கி முடிக்கும்வரை யாரும் குறுக்கே போவதில்லை. இன்னொன்றும் உண்டு. நூறு முறை தொட்டு அடக்குவது பதிவு ஆகாது, அது பழக்கப்படுத்துதல். மிரட்டும் ஒன்று தீங்கு செய்யாமல் திரும்பத் திரும்ப வந்தால் மிரட்சி தேய்ந்துபோகும் என்பது எந்த வயதுக் குதிரைக்கும் பொருந்தும் விதி. மில்லரின் முறையில் வேலை செய்யும் பகுதி இதுதான் என்றால், அதற்கு முதல் மணிநேரம் தேவையே இல்லை. அவசரத்துக்கான காரணம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

சோதித்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையே கண்டார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர், பிறந்த உடனேயும் அடுத்தடுத்த நாட்களிலும் பயிற்சி பெற்ற குட்டிகளைப் பயிற்சியே பெறாத குட்டிகளோடு ஒப்பிட்டு 2002-லும் 2003-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று மாதங்களில் பார்த்தபோதும் ஆறு மாதத்தில் பார்த்தபோதும், பயிற்சியின் நேரமோ எண்ணிக்கையோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைத் தரவில்லை. பிரான்சில் லியா லான்சாடும் அவருடன் பணியாற்றியவர்களும் பிறந்ததிலிருந்து இரண்டு வாரம் நாள்தோறும் குட்டிகளைக் கையாண்டு, ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். தலைக்கயிறு மாட்டுவதும் காலைத் தூக்குவதும் தொடக்கத்தில் எளிதாகத்தான் இருந்தன; மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பலன் கரைந்தது. 2005-இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் மில்லருக்கு எதிரானதாக மட்டும் படிக்கவில்லை. கையாண்டால் பலன் உண்டு, தொடராவிட்டால் அது நிற்காது என்கிறது அது. ஆயுள் முழுக்க அழியாத பதிவு என்ற வாக்குறுதிதான் உடைகிறது.

குட்டி ‘அடங்கிவிட்டது’ என்பதை எப்படி அறிவது என்ற கேள்வியை இந்த முறையைப் பின்பற்றுவோர் போதுமான அளவு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பிறப்புப் பாதையில் நெருக்குண்டு வரும் குட்டி அசையாமல் கிடக்கும். இல்லாவிட்டால் தாயின் உடம்பு கிழியும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜான் மேடிகன் குழுவினர், ஆரோக்கியமான பச்சிளம் குட்டிகளின் மார்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிப் பார்த்தபோது அவை படுத்து உறக்கநிலைக்குப் போயின, இரத்தத்தில் எண்டார்ஃபின் கூடியது என்று 2012-இல் பதிவு செய்தார்கள். பிறந்தும் தாயை அறியாமல் திக்கற்று அலையும் குட்டிகளுக்கு இருபது நிமிடம் இப்படி இறுக்கிப் பிடிப்பதை அவர்கள் சிகிச்சையாகவே பயன்படுத்துகிறார்கள். இதை முதல் மணிநேரப் பயிற்சியோடு வைத்துப் பார்த்தால் ஓர் ஐயம் எழுவது நியாயம். இறுகப் பிடித்த கைக்குள் குட்டி தளர்ந்து கிடப்பது, தொடுவது தீங்கற்றது என்று அது கற்றுக்கொண்டதாலா, அல்லது நெருக்குதலுக்கு உடம்பு தரும் பிறவி மறுமொழியாலா? இரண்டாவது என்றால் முதல் மணிநேரத்து அடக்கத்தில் பாடம் எதுவும் இல்லை. இது என் ஊகம்தான். ஆனாலும் பலன் கரைந்துபோவதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று விட்டுவிட முடியாதபடி செய்தது ரென் பல்கலைக்கழகத்தின் செவெரின் ஹென்றி, மார்ட்டின் ஹவுஸ்பெர்கர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. பிறந்த உடனே ஒரு மணி நேரம் கையாளப்பட்ட குட்டிகள் பிறகு தாயை விட்டு அதிகம் அகலவில்லை. மற்றக் குட்டிகளைப் போல விளையாடவில்லை. பிரிவு வந்தபோது கூடுதலாகத் தவித்தன. பின்னர் மற்றக் குதிரைகளோடு பழகும்போது ஒதுங்கின அல்லது சினந்தன. மென்மையாகச் செய்த ஒரே ஒரு மணிநேரத் தலையீட்டுக்கு இவ்வளவு நீண்ட நிழல் இருப்பது என்னைத் திடுக்கிட வைக்கிறது. இதே குழுவின் முந்தைய ஆய்வு ஒன்றில், நல்லெண்ணத்தோடு முலைக்காம்பருகே தள்ளிவிடப்பட்ட குட்டிகள்கூட இரண்டு வாரம் கழித்து மனிதரை விட்டு விலகின. குட்டி விளையாடுவது பொழுதுபோக்கல்ல. எவ்வளவு கடிக்கலாம், எப்போது விலக வேண்டும், பெரியவர் காதை மடக்கினால் என்ன பொருள் என்பதை அது கற்கும் இடம் அதுதான். தாயில்லாமல் புட்டிப்பாலில் வளர்ந்த குட்டிகளை வளர்த்தவர்கள் இதன் மறுபக்கத்தை அறிவார்கள். மனிதரிடம் சிறிதும் அச்சமில்லாத அந்தக் குட்டி, மனிதரை இன்னொரு குட்டியாகவே எண்ணிக் கடிக்கும், முன்னங்காலைத் தூக்கி மேலே போடும். அச்சமின்மையும் நன்னடத்தையும் ஒன்றல்ல.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. இந்த ஆய்வுகளில் பலவற்றில் குட்டிகளின் எண்ணிக்கை குறைவு; மில்லர் சொன்னபடியே முழுமையாகச் செய்யவில்லை என்றும் அவருடைய ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். எண்ணிக்கைக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நுழைபவர்தான் நுழைவுக்கான சான்றைத் தர வேண்டும். நுழையாதவர் தர வேண்டியதில்லை. மிகத் திறமையானவர் துல்லியமாகச் செய்தால் மட்டுமே கெடாத ஒரு முறையை, ஈற்றுப் பருவத்தில் இரவெல்லாம் விழித்துக் களைத்திருக்கும் பண்ணையாளிடம் கொடுப்பதும் சரியல்ல. திமிறலுக்கு நடுவே அவர் கையை எடுத்துவிட்டால், முறையின் விதிப்படியே எதிர்மறைப் பாடம் பதிந்துவிடுகிறது. இரண்டாவது மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: பதிவுப் பயிற்சி பெற்ற எத்தனையோ குதிரைகள் சாதுவாக இருக்கின்றனவே? இருக்கின்றன. பிறந்த இரவிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குபவர் அடுத்த ஓராண்டும் அந்தக் குட்டியோடு நாள்தோறும் நேரம் செலவிடுபவராகத்தான் இருப்பார். சாதுத்தன்மை அந்த முந்நூற்றுச் சொச்சம் நாட்களின் உழைப்பு; பெயர் மட்டும் முதல் மணிநேரத்துக்குப் போகிறது. நோயுற்ற குட்டிக்கு மருத்துவர் கை வைக்க வேண்டுமே என்பது மூன்றாவது. கட்டாயம் வைக்க வேண்டும். குதிரையின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகிறது. குடல் அதை உறிஞ்சும் திறன் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். தொப்புளைக் கிருமிநாசினியில் நனைப்பதும், பால் குடித்ததா என்று பார்ப்பதும், மறுநாள் இரத்தம் எடுத்துச் சோதிப்பதும் தவிர்க்க முடியாதவை. அவை சில நிமிட வேலைகள். முடிந்ததும் வெளியே வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் குட்டியை எப்படித்தான் மனிதரோடு பழக்குவது? எனக்கு மிகப் பிடித்த சான்று இங்கேதான் வருகிறது. 2005-இல் ஹென்றி குழுவினர் குட்டியைத் தொடவே இல்லை. பிறந்த முதல் ஐந்து நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தாய்க்குதிரையை மென்மையாகத் தேய்த்துவிட்டு, கையால் தீனி கொடுத்தார்கள். குட்டி பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான். அந்தக் குட்டிகள் மனிதரை விரைவில் நெருங்கின, தடவ விட்டன, முதுகில் விரிப்புப் போட்டபோதும் எளிதில் ஏற்றுக்கொண்டன. ஓராண்டு கழித்தும் வேறுபாடு தெரிந்தது. ஒரு மணி நேரம் குட்டியைப் பிடித்து வைத்திருந்தவர்கள் தேடிய பலனை, அதை விட்டுவிட்டவர்கள் அடைந்தார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை மறைக்கக் கூடாது: தாய் மனிதரை ஏற்பதாக இருக்க வேண்டும். மிரளும் தாயின் குட்டி மிரட்சியையும் பார்த்தே கற்கும். ஆகவே குட்டியின் பயிற்சி, தாய் சினையாக இருக்கும் மாதங்களிலேயே தாயிடம் தொடங்குகிறது. செலவும் இல்லை, இரவு விழிப்பும் இல்லை. இதற்கென்று தனிப் பெயரோ பரபரப்போ இல்லாததாலேயே இது மில்லரின் முறையளவுக்குப் பரவவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் மணிநேரத்தின் மேல் இவ்வளவு கண் வைத்ததில் நாம் தவறவிட்ட நேரம் ஒன்று உண்டு: பால்மறக்கடிக்கும் நாள். மனிதர் தலையிடாத மந்தையில் அடுத்த குட்டி பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரைகூடத் தாய் பால் கொடுக்கும். குட்டிக்கு அப்போது ஏறக்குறைய பத்து மாதம். பண்ணைகளில் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரே நாளில் பிரித்து, பெரும்பாலும் தனி லாயத்தில் அடைத்து, அடர்தீவனத்தை முன்னே வைக்கிறோம். இங்கிலாந்தில் 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு இதன் விலையைக் காட்டுகிறது. பல்லால் மரத்தைக் கவ்விக் காற்றை உள்ளிழுக்கும் தீராப் பழக்கம், பால் மறந்தபின் அடர்தீவனம் பெற்ற குட்டிகளில் நான்கு மடங்காக இருந்தது. மேய்ச்சல் வெளியில் பால் மறந்தவற்றைவிட, அடைத்து வைத்துப் பிரிக்கப்பட்டவற்றில் பிறழ்வுகள் அதிகம். இதே கட்டத்தில்தான் கையாளுதலும் ஆழமாகப் பதிகிறது. பால் மறந்த உடனே நாள்தோறும் கையாளப்பட்ட குட்டிகள், மூன்று வாரம் தள்ளிக் கையாளப்பட்டவற்றைவிட நீண்ட நாள் எளிதில் வழிக்கு வந்தன என்று லான்சாடின் 2004 ஆய்வு கண்டது. ஆதரவற்று நிற்கும் குட்டியின் பலவீனத்தை நாம் பயன்படுத்திக்கொள்வதாக இது ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. குட்டியைத் தனிமையில் விட்டுவிட்டுக் கை நீட்டினால் ஆகத்தான் செய்யும். அதற்கும் வழி தெரிந்திருக்கிறது: பால் மறக்கும் குட்டிகளோடு, தாயல்லாத வளர்ந்த பெட்டைக்குதிரைகள் இரண்டை விட்டுவைத்தபோது கனைத்துத் தவிப்பது குறைந்தது என்று 2012-இல் ரென் குழுவினர் எழுதினார்கள். மில்லர் கற்றுத்தந்த பொறுமையும், திமிறல் அடங்கிய பிறகே கையை எடுக்கும் அந்த நல்ல விதியும் இந்த வாரங்களுக்கு வரட்டும். பக்கத்தில் வயதான குதிரைகள் புல் மேய்ந்துகொண்டிருக்க, திறந்த வெளியில், நாளுக்குச் சில நிமிடம், தலைக்கயிறு போட்டு எடுக்கப்படட்டும், கால்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கி வைக்கப்படட்டும்.