அரை மணி நேரத்துத் தேர்வு

பேராக் மாநிலத்து ஈப்போவில் ஒரு சனிக்கிழமை காலை. காற்பந்துத் தேர்வு முகாம். திடல் ஓரத்தில் நூறு பையன்களுக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. சட்டை முதுகில் ஊக்குக் குத்திய எண். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு பேராகப் பிரித்து அரை மணி நேரம் ஆடவிடுகிறார்கள். தடுப்பாட்டக்காரப் பையன் ஒருவனுக்கு அந்த அரை மணியில் பந்து ஆறேழு தடவை காலுக்கு வந்தால் அதிகம்.

நான் 67ஆம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த பையன். ஒல்லி. காலணி ஒரு அளவு பெரிசு. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வான். வாங்கிய பந்தை எங்கே தள்ளுவது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தராமல் அந்த வயதில் இது வருவது அபூர்வம். ஒரு தடவை தன்னைவிட ஒரு தலை உயரமான பையன் தோளால் மோதியபோது கீழே விழுந்தான். மதியம் எண்களை வாசித்தார்கள். 67 இல்லை. அப்பா தயங்கித் தயங்கிப் போய், "என் மகன்கிட்ட என்னங்க சார் குறை?" என்று கேட்டார். "உடம்பு பத்தாதுங்க" என்று பதில் வந்தது. அந்த வீட்டுக்குக் கிடைத்த விளக்கம் அந்த இரண்டு சொல்தான்.

அந்த முகாமை நடத்தியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே காலையில் நூறு பேரைப் பார்க்க வேண்டியவர்கள் வேறெப்படிச் செய்வார்கள்? முறையைத்தான் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

திறந்த தேர்வு முகாமுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. யாரும் வரலாம். சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. எந்தப் பள்ளி, யாருடைய பிள்ளை என்று வாசலில் கேட்பதில்லை. புந்தோங் பையனும் பெரிய பள்ளிக்கூடத்துப் பையனும் ஒரே பந்தைத் துரத்துகிறார்கள். இந்த நன்மையின் அருமை தெரிய வேண்டுமென்றால் பழைய தோட்டத்துக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம் சீவல், மதியத்துக்குள் பால் நிறுவை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயிலுக்கு எதிர்த் திடலில் ஆள் சேர்ந்துவிடும். பத்து வயதுப் பையன் முதலில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவான். இரண்டு வருடம் அப்படிப் போகும். ஒருநாள் யாரோ ஒரு அண்ணனுக்குக் காய்ச்சல் வரும், "டேய், நீ உள்ள வா" என்று கூப்பிடுவார்கள். அணியைக் கவனித்தது பெரும்பாலும் தோட்டத்து எழுத்தரான கிராணியோ மேற்பார்வையாளரான மண்டோரோதான். அவருக்குப் பயிற்றுநர் சான்றிதழ் கிடையாது. ஆனால் அந்தப் பையனை அவர் நூறு சாயங்காலம் பார்த்திருப்பார். மழையில் எப்படி ஆடுகிறான், தோற்றபோது முகம் எப்படிப் போகிறது, போன வருடம் விழுந்தவன் இந்த வருடம் நிற்கிறானா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனமில்லை. கிராணியின் உறவுக்காரன் முதலில் இறங்குவான். கங்காணி குடும்பத்தோடு தகராறு என்றால் அந்த வீட்டுப் பிள்ளை ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். பெண் பிள்ளைகளுக்குத் திடலே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நல்ல ஆட்டக்காரன் தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டான் என்பது. தோட்டங்களுக்கிடையேயான கோப்பைக்கு அவன் வேண்டும். அவனுக்கு இலகுவான வேலை கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஈப்போவுக்குப் போகும் பாதையை யாரும் காட்டவில்லை. அவனைப் பார்க்க ஆள் இருந்தது, அனுப்பிவைக்க ஆள் இல்லை.

பிறகு தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு மக்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போனார்கள். திடலும் போயிற்று, சாயங்காலமும் போயிற்று. இப்போதைய முகாமில் அனுப்பிவைக்க ஆள் உண்டு, பார்ப்பதற்கு நேரம்தான் இல்லை. நூறு சாயங்காலம் பார்த்த கண்ணின் இடத்தில் அரை மணி நேரம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அரை மணியில் தெளிவாகத் தெரிவது உயரம், வேகம், தோள் பலம். இவை மூன்றும் அந்த வயதில் திறமையைவிடப் பிறந்த மாதத்தையே அதிகம் காட்டுகின்றன. நம் மலேசியாவில் வயதுப் பிரிவு நாள்காட்டி ஆண்டுப்படி அமைகிறது. ஜனவரி முதல் தேதி பிறந்தவனும் டிசம்பர் 31 பிறந்தவனும் ஒரே பிரிவு. பன்னிரண்டு வயதில் ஒரு வருட இடைவெளி என்பது ஆயுளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களை வைத்து ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் 1985ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உயர்நிலை அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. பிறகு பல நாடுகளின் காற்பந்திலும் இதே கதை கண்டறியப்பட்டது. பெரிய பையன் தேர்வாகிறான், நல்ல பயிற்சி கிடைக்கிறது, அதனால் உண்மையிலேயே மேலானவனாக ஆகிறான். பிறகு, "பார்த்தீர்களா, நாங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தோம்" என்று சொல்ல முடிகிறது. கழிக்கப்பட்டவன் என்னவாகியிருப்பான் என்பதற்குச் சாட்சியே கிடையாது.

இதைச் சொல்லும்போது கோலா கங்சாரில் பிறந்த ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசன் நினைவுக்கு வருகிறார். அவரும் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்தான், 1943 நவம்பரில். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்குப் பதினாறு வயது. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. ஓட்டத்தில் கடிகாரம் நீதிபதி. இந்த வருடம் தோற்றவன் அடுத்த வருடம் வந்து அதே கடிகாரத்திடம் மறுபடியும் கேட்கலாம். காற்பந்தில் நீதிபதி மனிதனின் கண். அந்தக் கண்ணிடம் மேல்முறையீடு செய்ய நம் பையன்களுக்கு வழி வைத்திருக்கிறோமா?

அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2014ல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் உச்சியில் பகாங், கம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி அகாடமி. தங்குமிடம், படிப்பு, சத்துணவு, முழுநேரப் பயிற்சி என்று ஒரு தோட்டத்துக் கிராணி கனவிலும் தர முடியாதவற்றை அது தருகிறது. லுக்மான் ஹக்கிம் அங்கிருந்து வந்தவர்தான். 2018 ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் முன்னணிக் கோல்காரர்களில் ஒருவர், பிறகு பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப்புக்குப் போனார். இருந்தும் சொந்த மண்ணில் நடந்த அந்தப் போட்டியில் மலேசியா முதல் சுற்றைத் தாண்டவில்லை. கோர்ட்ரைக்கின் முதல் அணியிலும் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. அகாடமியைக் குறை சொல்ல இதை ஆதாரமாக நான் எடுக்க மாட்டேன். பதின்மூன்று வயதில் ஒருவனைத் தேர்ந்தெடுப்பது உறுதிமொழி ஆகாது, அது வெறும் கணிப்பு என்பதுதான் இதில் தெரிவது. கணிப்பு என்றால் தவறும். தவறினால் திருத்திக்கொள்ளும் வாசல் ஒன்று வேண்டும். அந்த வாசல்தான் நம்மிடம் இல்லை.

அமெரிக்க பேஸ்பால்காரர்களிடம் அந்த வாசல் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் அணிகள் முகாம் போடும். ஒவ்வொரு முகாமிலும் பல டஜன் ஆட்டக்காரர்கள். முகாம் முடியும்போது 26 பேர்தான் மேல் அணியில் நிற்பார்கள். மற்றவர்களில் பெரும்பாலான இளைஞர்கள் வீட்டுக்குப் போவதில்லை. ஒவ்வொரு பெரிய கிளப்புக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுக்குப் போவார்கள். கிளப்பின் ஆட்கள் அங்கேயும் வந்து பார்ப்பார்கள். மைக் பியாட்சா, கிளப்புகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில், 1988ல் 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அதுவும் அப்பாவின் நண்பர் சொன்ன சிபாரிசில். கீழ் லீக்குகளில் சில ஆண்டுகள் ஆடி, பிடிப்பாளர் வேலையைக் கற்றுக்கொண்டு மேலே வந்தார். 2016ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். சிபாரிசு கதவைத் திறந்தது உண்மை, ஆனால் அவரை நிரூபித்தவை கீழே கழித்த அந்த ஆண்டுகள்தான்.

அங்கேயும் கணக்குப் பார்ப்பவர்கள் படிகளை உடைத்திருக்கிறார்கள். 2021ல் கீழ் லீக் அணிகளை 160லிருந்து 120 ஆக்கினார்கள். தேர்வுச் சுற்றுகள் 20ஆகச் சுருங்கின. பியாட்சா எடுக்கப்பட்ட 62ஆவது சுற்று இன்று இல்லை. கீழ் அணி ஆட்டக்காரர்களுக்குப் பல காலம் மிகச் சொற்பச் சம்பளமே கிடைத்தது என்பதும் உண்மை. அந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கி வந்து பேராக்கில் நட முடியாது. ஆனால் அதன் அடிப்படைப் புத்தி எனக்குப் பிடிக்கிறது. "இன்றைக்கு நீ வேண்டாம்" என்பதையும் "இனி நீ வேண்டவே வேண்டாம்" என்பதையும் அது பிரித்து வைக்கிறது.

நம் ஏணியைப் பாருங்கள். 1985ல் தொடங்கிய பிரசிடென் கோப்பையும் 2008ல் வந்த பெலியா கோப்பையும் இளையோருக்கான நல்ல படிகள். அவற்றைத் தாண்டியவனுக்கு முன்பு மலேசிய பிரீமியர் லீக் இருந்தது. 2023லிருந்து அந்த இரண்டாம் நிலை லீக் இல்லை. மலேசிய இந்திய காங்கிரஸ் (மஇகா) வட்டாரத்து முயற்சிகளிலிருந்து எழுந்த மிஃபா அணி 2018ல் அந்த லீக்கில்தான் ஆடியது. அடுத்த ஆண்டு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி மேல் லீக்கான சூப்பர் லீக்குக்குப் போனது. 2022ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பி ஆடிக் காட்டியது. அந்தப் பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகியது. கழிக்கப்பட்ட எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலாக இருந்த இடம் அது. அந்த இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை.

பேராக் அணியின் நிலை இன்னும் வேதனை. 2018ல் திரங்கானுவைப் பெனால்டியில் வென்று மலேசியக் கோப்பையைத் தூக்கியபோது டி. கென்னி பல்ராஜ் போன்றவர்கள் அந்த அணியில் இருந்தார்கள். மூன்றே ஆண்டில் அணி கீழிறங்கியது. மூத்தவர்கள் கலைந்துபோக, 2022ல் பெரும்பாலும் இளம் பையன்களே சுமையைத் தாங்கினார்கள். அவர்களில் பலர் தயாரானதால் மேலேறவில்லை, ஆள் இல்லாததால் ஏற்றப்பட்டார்கள். சீக்கிரம் கழிப்பது எப்படித் தவறோ, அவசரமாக ஏற்றுவதும் அப்படியே தவறு. 2025-26 பருவத்துக்குப் பேராக் சூப்பர் லீக்கில் இல்லை, பணமில்லாமல் விலகிவிட்டது. ஈப்போவில் எண் குத்திக்கொண்டு நிற்கும் பையனுக்கு இன்று ஏணியின் உச்சிப் படியும் தெரியவில்லை.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். திறந்த முகாம் இருக்க வேண்டும். ஆனால் அதைக் கடைசிச் சொல்லாக வைத்துக்கொள்வது தவறு. பதின்மூன்று வயதில் உடம்பைக் காரணம் காட்டி ஒருவனைக் கழிப்பது எனக்குத் தெரிந்த எந்த நியாயத்திலும் சேராது. அந்த வயதில் உடம்பு என்பது இன்னும் வந்து சேராத ஒன்று.

லீக்கைச் சரிசெய்வது உங்கள் கையிலும் என் கையிலும் இல்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் நம் கையில் இருக்கிறது. பேராக்கில் முகாம் நடத்தும் தமிழ்க் கிளப்புகளுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். எடுத்தவர்களின் பட்டியலோடு கழித்தவர்களின் பட்டியலையும் எழுதி வையுங்கள். பெயர், பிறந்த மாதம், அப்பாவின் தொலைபேசி எண், கண்ணில் பட்ட ஒரு நல்ல விஷயம். பன்னிரண்டு மாதம் கழித்து, குறிப்பாக செப்டம்பருக்குப் பிறகு பிறந்த பையன்களை, நீங்களே போன் போட்டுக் கூப்பிடுங்கள். 67ஆம் எண்ணின் பெயரை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை.