ஏனுங் என்று எழுத ஒரு கீபோர்டு

டேப்லெட்டோடு கழற்றி மாட்டும் கீபோர்டு உறையைப் பற்றி வரும் மதிப்புரைகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன. எடை எவ்வளவு, காந்தம் இறுக்கிப் பிடிக்கிறதா, மடியில் வைத்தால் ஆடுகிறதா, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், விலை கட்டுப்படியாகுமா. நியாயமான கேள்விகள்தான். எழுதுகிறவனுக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: இதில் எழுதினால் என் வாக்கியம் என்னவாக வந்து விழும்? பேனாவைப் பற்றி, தட்டச்சுப் பொறியைப் பற்றி எல்லாம் எழுத்தாளர்கள் பேசியிருக்கிறார்கள். இந்த உறையைப் பொருட்கடை மதிப்புரையாளர்களிடம் விட்டுவிட்டோம்.

என் சோதனைக்கு ஒரே ஒரு சொல் போதும். ஏனுங்.

கோயமுத்தூர்ப் பேச்சு என்றால் சினிமா ‘ஏனுங்க’வோடு நிறுத்திக்கொள்கிறது. ஊருக்குள் அது மட்டுமா இருக்கிறது? ஏனுங்க, ஏனுங், ஏனுங்ணா. அதேபோல வாங்க, வாங்கொ. ஆமாங்க, ஆமாங். என் காதுக்கு இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. முன்பின் தெரியாதவரிடம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ‘ஏனுங்க’. தினமும் பார்க்கிற பெரியவரிடம், கட்டுத்தரையில் மாடு பிடித்துக் கட்டும்போது கேட்கிற கேள்வியில் ‘ஏனுங்’. மரியாதை குறையவில்லை. அதை நீட்டி நிரூபிக்க வேண்டிய அவசியம்தான் தீர்ந்துபோயிருக்கிறது. ஒரு ‘க’ இருப்பதும் இல்லாததும் இரண்டு பேருக்கு நடுவே உள்ள தூரம்.

தமிழ் இலக்கணத்துக்கு இந்தச் சொல் பிடிக்காது. சொல்லின் ஈற்றில் வரக்கூடிய மெய்கள் என்று தொல்காப்பியம் தருவது பதினொன்று. அதில் ங் கிடையாது. ஆனாலும் அவிநாசியிலிருந்து தாராபுரம் வரைக்கும் சனங்கள் வாக்கியத்தை ங்-கில்தான் முடிக்கிறார்கள். வட்டார நாவலின் தொடக்கம் என்று விமர்சகர்கள் பலர் சொல்லும் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. கணவனை இழந்த ஒரு பெண் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. ஆர். சண்முகசுந்தரம் அதில் செய்த பெரிய காரியம், குடியானவர்களைக் குடியானவர்களாகவே பேச விட்டது. அந்த வழியில்தான் பின்னால் பெருமாள்முருகனும் தேவிபாரதியும் வந்தார்கள். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியே போட்டார்.

இப்போது கைப்பிரதிகளுக்கு வருகிறேன். எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் சிறுகதைகளை ஆறேழு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள், பெரும்பாலும் போனிலோ டேப்பிலோ எழுதுகிறவர்கள். கதையில் ஒரு அமுச்சி வருவார். எழுபது வயசு, காங்கேயம் பக்கம். அவர் வாயைத் திறந்தால் வங்கி மேலாளர் மாதிரிப் பேசுவார். எல்லா வாக்கியத்திலும் ‘ங்க’. ஒறம்பரை வந்திருக்காங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் உறவினர்கள் வந்திருப்பார்கள். பொடக்காளி பின்பக்கமாகிவிடும். வட்டல் தட்டாகிவிடும்.

ஒரு பையனிடம் கேட்டேன். “உங்க அமுச்சி இப்படியாப்பா பேசுவாங்க?”

“இல்லீங். நான் ஏனுங்னுதானுங் அடிச்சேன். அதுவே மாத்திருச்சு. மொதல்ல திருப்பித் திருப்பி அழிச்சுப் பாத்தனுங். அப்பறம் போனாப் போவுதுன்னு உட்டுட்டேன்.”

இந்தப் ‘போனாப் போவுது’தான் என் கவலை. திரைக் கீபோர்டின் மேலே ஓடுகிற பரிந்துரைப் பட்டை சதி எதுவும் செய்யவில்லை. அது படித்து வளர்ந்த தமிழில் எது அதிகம் வந்ததோ அதை நீட்டுகிறது. செய்தித் தமிழ், விளம்பரத் தமிழ், மொழிபெயர்ப்புத் தமிழ். அவற்றில் ‘ஏனுங்’ எத்தனை முறை வந்திருக்கும்? அதனால் நீங்கள் ங்-கில் நிறுத்தினால் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘க’ போட்டுக் கொடுக்கிறது. ஒரு தடவை மறுக்கலாம், பத்துத் தடவை மறுக்கலாம். நானூறு வசனம் உள்ள குறுநாவலில் எத்தனை முறை மறுப்பது? யாரும் முடிவெடுக்காமலே கதையில் வருகிறவர்களின் நாக்கு மாறிவிடுகிறது. ஆசிரியர் கைவைத்துத் திருத்தினால் சண்டை போடலாம். இதனிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

கீபோர்டு உறையை மாட்டியதும் என் டேப்பில் நடப்பது இதுதான்: அந்தப் பட்டை போய்விடுகிறது. திரையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பலகையும் போய்விடுகிறது. முன்னே ஏழெட்டு வரிதான் கண்ணில் பட்டது. இப்போது முழுப் பக்கமும் தெரிகிறது. இரண்டாவதை எல்லா மதிப்புரையிலும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு முதலாவதுதான் பெரிது. விரல் அடித்தது அடித்தபடி நிற்கிறது.

நான் அடிப்பது தமிழ் 99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்திய அமைப்பு. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்பது பொதுவான ஏற்பாடு. புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். க இரண்டு தரம் அடித்தால் க்க. ங அடித்துக் க அடித்தால் ங்க. அழகான யோசனை. ஆனால் அதற்குள்ளும் ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது: ங-வுக்குப் பின்னால் க வரும். ‘ஏனுங்க’ என்பதற்கு ஐந்து தட்டு: ஏ, ன, உ, ங, க. ‘ஏனுங்’குக்கும் ஐந்தேதான்: ஏ, ன, உ, ங, அப்புறம் புள்ளி. கணக்கு சமம். விரலுக்குச் சமமில்லை. க வலது ஆள்காட்டி விரலுக்கு அடியிலேயே இருக்கிறது. ங-வும் புள்ளியும் இரண்டுமே இடது ஆள்காட்டி விரலுக்கு. கீழ் வரிசையில் தட்டி மேலே ஒரு தாவு தாவ வேண்டும். ‘ஏனுங்ணா’ என்றால் இன்னும் இரண்டு. ஆனால் இங்கே நான் விரலைத்தான் பழக்க வேண்டும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

தட்டச்சுப் பொறியில் இந்தச் சங்கடமே இருந்ததில்லை. அதில் புள்ளி நகராத விசை. முதலில் புள்ளி, பிறகு எழுத்து. கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பின்னால். பொறி அதைத் தலைகீழாக்கியது, ஆனால் எந்த எழுத்துக்குப் புள்ளி வைக்கலாம் என்று அது சொல்லித் தரவில்லை. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் அரசு ஏற்றுக்கொண்ட யூனிகோடுக்கும் ஆட்சேபம் கிடையாது. ங ஒன்று, புள்ளி ஒன்று, சேர்த்தால் ங். தடை முழுக்க மேலே வந்து உட்கார்ந்த அந்தப் பட்டையில்தான்.

இனி உறையின் குறைக்கு வருகிறேன், மதிப்புரைகள் கண்டுகொள்ளாதது. எட்டு, பத்து அங்குல டேப்புக்கான கீபோர்டுகளில் இடம் போதாது என்று வலது ஓரத்து விசைகளை ஒல்லியாக்கிவிடுகிறார்கள். அரைப்புள்ளி, மேற்கோள், சதுர அடைப்பு, சாய்கோடு. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அவை எப்போதோ ஒருமுறை. தமிழ் 99இல் அரைப்புள்ளி இருக்கும் இடம் ந, மேற்கோள் ய, அடைப்புகள் ச, ஞ, சாய்கோடு ழ. ச இல்லாமல், ந இல்லாமல், ய இல்லாமல் எத்தனை வாக்கியம் எழுதிவிட முடியும்? சில மாடல்களில் சாய்கோட்டை வேறு இடத்துக்கே நகர்த்தியிருக்கிறார்கள். அங்கே ழ-வைத் தேடிப் பிடிக்க வேண்டும். காந்திபுரத்தில் ஒரு கடையில் நின்று நான்கு உறைகளை மாட்டிப் பார்த்தேன். நான்கிலும் ‘சோளம்’ ‘நோளம்’ ஆகப் பார்த்தது. கடைக்காரர், “எல்லாரும் இங்கிலீஷ் எழுத்துலதானுங் தமிழ் அடிக்கறாங்க” என்றார். உண்மை. ஒலிபெயர்ப்பில் அடிப்பவர்களுக்கு இந்த ஓரம் உறுத்தாது. தமிழ் 99காரர்கள் பதினொரு அங்குலத்துக்குக் கீழே வாங்காமல் இருப்பது நல்லது. எடை கூடும்தான். பொள்ளாச்சி பஸ்ஸில் மடியில் வைத்தால் பின்பக்கத் தாங்கி தொடையை வெட்டும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். ழ இல்லாததைப் பொறுக்க முடியாது.

கருவியில் என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். கோவை ஞானியைச் சொன்னார். பார்வை போன பிறகும் ஞானி இதழ் நடத்தினார், நூல்கள் எழுதினார், 2020இல் இறக்கும்வரை விமர்சகராகவே இருந்தார். பிறர் படித்துக் காட்டினார்கள், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை. உண்மைதான். ஆனால் சொல்லி எழுதவைக்கும்போது எழுதுகிறவரின் காதுதான் கருவி. அவர் பக்கத்தில் இருக்கிறார். படித்துக் காட்டச் சொல்லலாம், இப்படி இல்லை அப்படி என்று திருத்தலாம். டேப்பில் உள்ள குரல் தட்டச்சில் நானும் முயன்று பார்த்தேன். ‘ஏனுங்’ என்று நிறுத்திச் சொன்னேன், ‘ஏனுங்க’ என்று எழுதியது. இன்னும் அழுத்திச் சொன்னேன். ‘ஏன் உங்க’ என்றது.

கழற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், அந்தப் பொருளின் பெயரிலேயே அது இருப்பதால். எழுதி முடித்ததும் கீபோர்டைக் கழற்றிவிட்டு, வெறும் பலகையைக் கையில் பிடித்துச் சாய்வு நாற்காலியில் படிப்பது சுகம். எழுதியவன் எழுந்து போய், வாசகன் வந்து உட்கார்ந்த மாதிரி. வசனம் நீளமாகத் தெரிவது, ஒரே சொல் இரண்டு தரம் வந்திருப்பது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஆபத்தும் அங்கேயே. பிழையைப் பார்த்ததும் விரல் திரையைத் தொடும், பலகை எழும், பட்டை ஓடத் தொடங்கும். கீபோர்டில் காப்பாற்றிக் கொண்டுவந்த ‘ஆமாங்’ இங்கே ‘ஆமாங்க’ ஆகிவிடும். நான் பார்த்த கைப்பிரதிகளில் ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ஏனுங் என்றும் அடுத்த பக்கத்தில் ஏனுங்க என்றும் பேசினால், எந்தப் பத்தி திரையில் திருத்தப்பட்டது என்று இப்போது ஓரளவு சொல்லிவிட முடிகிறது.

பட்டையை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடலாமே என்பார்கள். அணைக்கலாம். தனிச் சொல்லகராதியில் ஒறம்பரை, அமுச்சி, பொடக்காளி, போசி எல்லாம் ஏற்றி வைக்கலாம். அந்தப் பையனுக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன். அறுபது சொல் ஏற்றினோம். அடுத்த கதையில் அமுச்சி வந்தார், ‘ங்’கோடு நிறுத்திப் பேசினார். மூன்று பக்கம் பேசினார். அவர் பேரனை ஒரு தரம்கூட ‘ங்க’ போட்டுக் கூப்பிடவில்லை. “ஏன்டா சாமி” என்றுதான் கூப்பிட்டார்.