கேட்பதும் கேட்பதும்

ஒரு பெண் பகலில் உறங்கிக்கொண்டிருக்கிறாள். கைப்பேசி அடிக்கிறது. எழுந்து பேசுகிறாள். பிள்ளைகளுக்காக ஓவனில் வைத்த பழ டார்ட்டை வெளியே எடுக்கிறாள். தன் வேலை போய்விட்டது என்று அந்த அழைப்பில்தான் அவளுக்குத் தெரிகிறது. பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் 2014-இல் எடுத்த 'இரண்டு நாட்கள், ஒரு இரவு' இப்படித் தொடங்குகிறது. அந்தப் பெண் சாந்த்ரா. நடித்தவர் மரியோன் கோத்தியார்.

சாந்த்ரா சூரிய மின்தகடு செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளி. மனச்சோர்வுக்காக விடுப்பில் இருந்தவள், தேறி, வேலைக்குத் திரும்பவிருக்கிறாள். அவள் இல்லாத நாட்களில், 17 பேர் செய்த வேலையை 16 பேர் கூடுதல் நேரம் உழைத்து முடித்துவிட முடியும் என்பதை முதலாளி துய்மோன் கண்டுகொள்கிறார். ஆளுக்கு 1000 யூரோ போனஸ் வேண்டுமா, சாந்த்ரா வேண்டுமா என்று அந்த 16 பேரிடமும் வாக்கெடுப்பு நடக்கிறது. 14 பேர் போனஸ் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை, தோழி ஜூலியத்தோடு போய் முதலாளியைப் பிடித்து, திங்கள் காலை மீண்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்தச் சம்மதம் வாங்குகிறாள். இடையில் இருப்பது ஒரு வார இறுதி. ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, போனஸை விட்டுக்கொடுங்கள் என்று அவள் கேட்க வேண்டும்.

'இன்னொரு வாய்ப்பு' என்ற சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. முதல் வாய்ப்பை நீ பாழாக்கினாய் என்பதே அது. சாந்த்ரா எதைப் பாழாக்கினாள்? நோயுற்றாள், அவ்வளவுதான். ஆனாலும் வெட்கப்படுவது அவள்தான். பிச்சைக்காரியைப்போல உணர்வதாகச் சொல்கிறாள். துய்மோனுக்கோ வெட்கமில்லை. வேலையைப் பறித்தது அவர் அல்ல, சக தொழிலாளர்களின் வாக்கு என்றாகிவிட்டதே! சாந்த்ரா போகாவிட்டால் உங்களில் ஒருவர் போக வேண்டியிருக்கும் என்று மேற்பார்வையாளர் ழான்-மார்க் பயம் காட்டியதும் மெல்லத் தெரியவருகிறது. ஜனநாயகத்தின் உடுப்பில் வரும் இந்த வன்முறையை இவ்வளவு எளிமையாகக் காட்டிய படங்கள் குறைவு.

இந்தப் படத்தை என்னால் விலகி நின்று பார்க்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் மூன்று வாரம் தொடர்ந்து போக முடியாததால் என்னை நிறுத்திவிட்டார்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கடிதம் எழுதினேன். "என் தவறை உணர்கிறேன்" என்பது அதன் முதல் வரி. என்ன தவறு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

படத்தின் பெரும்பகுதி ஒரே காட்சிதான் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அழைப்புமணி, திறக்கும் கதவு, ஏறக்குறைய அதே சொற்கள். ஆனால் தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைக்கு வேண்டுதல், வினவுதல், செவிகொடுத்தல் என மூன்று பொருளும் உண்டு. சாந்த்ரா வேண்டிக் கேட்கத்தான் போகிறாள். ஒவ்வொரு வாசலிலும் காதுகொடுத்துக் கேட்கவும் நேர்கிறது. மகளின் படிப்புச் செலவைச் சொல்கிறார் ஒருவர். வேலைக்குப் புதிதாக இருந்தபோது தான் உடைத்த தகட்டின் பழியைச் சாந்த்ரா ஏற்றுக்கொண்டதை நினைத்து, கால்பந்துத் திடலில் நின்று அழுகிறான் திமூர். ஒப்பந்தத் தொழிலாளியான அல்ஃபோன்ஸ், அவளுக்கு வாக்களித்தால் தன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதோ என்ற அச்சத்தைச் சலவை நிலையத்தில் வைத்துச் சொல்கிறான்.

பெண்கள் என்பதாலேயே எல்லோரும் அவள் பக்கம் நின்றுவிடவில்லை என்பதும் முக்கியம். தோழியான நதீன், வீட்டில் இல்லை என்று சின்ன மகளைச் சொல்லவைத்து உள்ளே ஒளிந்துகொள்கிறாள். கணவனைப் பிரிந்து புது வாழ்க்கை தொடங்கும் மிரேய்க்குப் போனஸ் வேண்டும். இவர்களைப் படம் கெட்டவர்களாக்கவில்லை. ஆன் என்பவள், கணவனின் கோபத்தை மீறிச் சாந்த்ராவுக்கு வாக்களிக்க முடிவெடுத்து, அதோடு அவனையும் விட்டு வெளியேறுகிறாள். ஒருத்தியின் வேண்டுதல், தன் விருப்பம் என்னவென்று யாரும் கேட்டிராத இன்னொருத்தியைப் பேசவைக்கிறது.

குறைகளும் உண்டு. நம்பிக்கையற்றுப்போய் சாந்த்ரா மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிடுகிறாள். ஆன் வந்து நல்ல செய்தி சொன்னதும், மருத்துவமனைக்குப் போய் மீண்டு, அன்றிரவே கதவு தட்டக் கிளம்புகிறாள். மனச்சோர்வை அறிந்த எவருக்கும் இந்த வேகம் உறுத்தும். கணவன் மானு அன்பானவன்தான். ஆனால் ஓய்வுக்கு ஏங்கும் உடலை அவன் எழுப்பி எழுப்பி அனுப்புவதைப் படம் கேள்விக்கு உட்படுத்தவே இல்லை. தொழிற்சங்கத்தின் சுவடும் இல்லை. சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய ஒன்றை ஒருத்தி தனியாகக் கேட்டலைகிறாள்.

திங்கள் காலை வாக்குகள் எட்டுக்கு எட்டு. பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. துய்மோன் அவளை அறைக்கு அழைக்கிறார். எல்லோருக்கும் போனஸ் உண்டு, செப்டம்பரில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் காலம் முடிகிறது, அதைப் புதுப்பிக்காமல் உன்னை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவள் ஏங்கிய இன்னொரு வாய்ப்பு இதோ மேசைமேல் இருக்கிறது. அது யாருடைய இடம் என்று அவளுக்குத் தெரியும். சலவை நிலையத்தில் அல்ஃபோன்ஸ் சொன்னதைக் கேட்டவள் அல்லவா? மறுத்துவிட்டு வெளியே வருகிறாள். கணவனுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு.

வேலை தேவைப்படும் பெண்கள் எல்லோரும் இப்படி மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மறுக்கும் நிலையில் நான் அன்று இல்லை. நம்மில் பலரும் இல்லை. ஆனால் வேலை கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் வேறு வேறு. இன்று எழுதினால் அந்த முதல் வரியை எழுத மாட்டேன்.

என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் இல்லாதபோது என் வகுப்புகளை எடுக்க ஓர் இளம்பெண் வந்திருந்தாள். கரும்பலகையின் ஓரத்தில் அவள் எழுதிய தேதி நான் போன அன்றும் அழியாமல் இருந்தது. அவள் என்ன ஆனாள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.