பௌத்தர் கூறும் விளக்குவமை

நுண்பொருளை உணர்த்தப் புகுவார் உவமையைத் துணைக்கொள்ளுதல் எல்லாச் சமயத்தார்க்கும் இயல்பு. பௌத்தர்க்கோ அது பொருளை நிறுவும் உறுப்புமாம். மணிமேகலை 29-ஆம் காதையில் அறவணவடிகள் அளவை கூறுமிடத்து, உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துள் அடங்குமெனக் கொண்டு பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் மூன்றுறுப்பே வேண்டுவர். வழுவுடைய திட்டாந்தங்களையும் 10 ஆக வகுத்துக் காட்டுவர். ஆகவே, பௌத்தர் உவமையைச் சோதித்தல் அவர்தம் நூன்முறைக்கே இயைந்ததாம். திருவிளக்குத் தொண்டால் வீடுபெற்ற கலியநாயனாரை வழிபடும் நாம், அவர் கூறும் விளக்குவமையை ஈண்டு ஆராய்வாம்.

மிலிந்த பஞ்ஞா என்னும் பாலி நூலில், மிலிந்தனென்னும் யவன வேந்தன், மறுபிறப்பெடுப்பவன் முன்னையவனோ பிறனோ என நாகசேனரை வினவுகின்றான். அவர் இராமுழுதும் எரியும் விளக்கைக் காட்டுகின்றார். முதல் யாமத்துச் சுடரும் இடையாமத்துச் சுடரும் ஒன்றல்ல. எனினும் யாமந்தோறும் வெவ்வேறு விளக்கு எரிந்ததென்றல் பொருந்தாது. அவ்வாறே கணந்தோறும் தோன்றிக் கெடுவனவற்றின் இடையறாத் தொடர்ச்சியே ஒருவன் எனப்படுவதென்பது அவர் கருத்து. ஒரு விளக்கினின்று மற்றொன்றை ஏற்றுங்கால் எதுவும் பெயர்ந்து செல்லாமைபோல, உயிரொன்று செல்லாமலே மறுபிறப்பு நிகழுமென்பதும் அந்நூற் கூற்றே. உவமை அழகிது, கேட்டார் உள்ளத்தைப் பிணிக்க வல்லது.

இதனை மறுக்கப் புகுந்த நம்மவருட் சிலர், விளக்கிற்கு அகலும் நெய்யும் வேண்டாவோ, ஏற்றுவான் ஒருவன் வேண்டாவோ என வினவி, அவ்வளவில் வென்றேமென அமைகின்றனர். இது நேரிய மறுப்பன்று. உவமை ஒருபுடை ஒப்பது. நாகசேனர் விளக்கை எடுத்தது தொடர்ச்சியைக் காட்டுதற்கேயன்றி, ஏற்றுவானை மறுத்தற்கன்று. நெய்யும் திரியும் சார்பாதலை அவரும் உடன்படுவர். சார்பிற்றோற்றமே அவர்தம் கோட்பாடன்றோ? எப்புடைக்கு உவமை எடுக்கப்பட்டதோ, அப்புடையிலேயே குறை காண்டல் வேண்டும்.

சென்னையின் வடபாற் கடற்கரைக்கண் விளங்கும் திருவொற்றியூரிலே, செக்குத்தொழின் மரபிற் பிறந்த கலியநாயனார் படம்பக்கநாதர் திருக்கோயிலில் அல்லும் பகலும் விளக்கிட்டார். செல்வம் அழிந்தபின் கூலிக்கு எண்ணெய் விற்றார், கூலிக்குச் செக்காடினார், மனையை விற்றார், மனைவியாரையும் விற்க முயன்று கொள்வாரைக் காணாராயினார். முடிவில் தம் உதிரத்தையே நெய்யாக வார்ப்பக் கழுத்தை அரியலுற்றபோது, இறைவன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தருளினான் என்பது பெரியபுராணங் கூறும் வரலாறு.

அவர் ஏற்றிய சுடர் கணந்தோறும் வேறாயிற்று. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், மாலையில் ஏற்றிய விளக்கே இஃதென அறிந்தது எது? சுடரன்று. இடையாமத்துச் சுடர் முதல் யாமத்துச் சுடரை அறியாது. விழித்திருந்து நெய் வார்த்த நாயனாரே அறிவார். சுடர் பலவாயினும் விளக்கு ஒன்றென்னும் வழக்கு, எல்லா யாமத்தும் நிலைபெற்று நின்று கண்ட ஒருவனாற் பெறப்படுவது. எனவே, நிலைத்த அறிவான் இல்லையென நாட்ட வந்த உவமை, அவ்வறிவானிடமிருந்தே ஒருமையைக் கடன்கொண்டு நிற்கின்றது. இதுவே இதன் வழு.

அற்றேல், முன்னைக்கணத்தறிவு தன் வாசனையைப் பின்னைக்கணத்தறிவிற்கு ஈந்து கெடும். நினைவு அதனால் அமையுமெனின், அமையாது. ஈந்ததும் பெற்றதும் வேறாயின், பெற்றது, ‘முன்னொருவன் கண்டான்’ என்றே உணரற்பாலது. தந்தை கண்டதைக் கேட்டறிந்த மைந்தன், ‘யானே கண்டேன்’ என்னான். வினையும் அத்தகைத்து. செய்தான் ஒருவன், நுகர்வான் பிறனெனின் அறத்தின் வேர் அசையும். நட்ட மாவும் கவர்ந்த கனியும் வேறாயினும் கள்வன் தண்டத்திற்குரியனே என நாகசேனர் விடை கூறுவர். அங்கும், நட்ட நாளிலும் வழக்கிட்ட நாளிலும் ‘என்னது’ என்று நின்ற உரியவன் ஒருவனே என்பதை நோக்குக.

இனி, நெய்யற்று அவிந்த சுடரை நிருவாணத்திற்கு உவமை கூறுதல்கொண்டு, பௌத்தர் வீடு வெறும்பாழென எள்ளுதல் ஆராயாதார் செயல். அவிந்த தீ எத்திசைச் சென்றதென்னும் வினா பொருந்தாமைபோல, விடுதலையுற்றானை உளன் இலன் என்னும் சொற்களும் பொருந்தாவென்றே புத்தர் வச்சகோத்திரனுக்கு விடுத்தார். நாமோ, கதிரவன்முன் விளக்கொளி கெடாது அடங்கி நிற்றல்போல, உயிரறிவு சிவத்தின்முன் தன்முனைப்பற்று நிற்குமென்போம். அவிதல் வேறு, அடங்குதல் வேறு.

நம் உவமைகளையும் இவ்வாறே அளந்து கோடல் வேண்டும். செம்பிற் களிம்பு, மலம் உயிரோடு தொன்றுதொட்டு விரவினமையையும் அது நீங்குமாற்றையும் உணர்த்தும். செம்பு அறிவிலதாகலின் உயிரின் அறிவை உணர்த்தாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திகன் முதலிய நால்வர் கொள்கையையும் முன்னர் வைத்துப் பின்னரே மறுத்தருளினார். அந்நெறி நிற்பார், பிறர் உவமையை அவர் கொண்ட புடையிலேயே கற்றுப் பின் வழக்கிடுவாராக.

திருச்சிற்றம்பலம்.