ஐந்தரை மணித்தியாலம் பின்னால்

புது லெப்டொப்பில் விண்டோஸ் 11ஐ அழிக்காமல், பக்கத்திலேயே உபுண்டு 24.04 லினக்ஸைப் போட்டுச் சில வாரங்களாகப் பாவிக்கிறேன். போடுவது இப்போது பெரிய வித்தையில்லை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வையுங்கள். டிஸ்க்கைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுங்கள். மிச்சத்தை இன்ஸ்டோலர் பார்த்துக்கொள்ளும். தமிழுக்கு ரங்கநாதன் விசைப்பலகைகூட இருக்கிறது. பாமினியில் பழகிய கைக்குச் சுகம். கண்டிக்காரர்களுக்கு லினக்ஸ் அந்நியமும் இல்லை. கண்டியின் ஹந்தானை மலையின் பேரிலேயே, பெடோரா லினக்ஸை வைத்து ஒரு லினக்ஸ் செய்த நாடல்லவா இது!

சண்டை மணிக்கூட்டில்தான். லினக்ஸில் வேலை முடித்து விண்டோஸுக்குப் போனால், காலை பத்து மணியை அது அதிகாலை நாலரை என்கிறது. மதர்போர்டில் ஒரேயொரு மணிக்கூடுதான். அதை விண்டோஸ் உள்ளூர் நேரமாக வாசிக்கும்; லினக்ஸ் கிரீனிச் நேரமாக வைத்திருக்கும். மாரிகாலத்து லண்டன்காரருக்கு இரண்டும் ஒன்றே. நமக்கு ஐந்தரை மணித்தியாலம் இடிக்கிறது. இணையம் வந்ததும் சரியாகிவிடும் என்பார்கள். விண்டோஸ் அவ்வளவு அவசரப்படுவதில்லை; செட்டிங்ஸில் போய் நாம்தான் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினாலும், அடுத்தமுறை லினக்ஸ் திறந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

நேரத்தை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சற்றுமுன் விண்டோஸில் திருத்திய கோப்பு, லினக்ஸில் விடிய எழுதியதற்கும் கீழே போய்க் கிடக்கிறது. மேலே இருப்பதுதான் புதியது என்று நம்பி அனுப்பினால் பழைய கட்டுரை போகும்.

தீர்வு டெர்மினலில் ஒற்றை வரிக் கட்டளை: மணிக்கூட்டை லினக்ஸும் உள்ளூர் நேரத்தில் வைத்துக்கொள்ளும். செய்தபின் நேர நிலையைக் கேட்டால் ஒரு எச்சரிக்கை வரும். இந்த முறைக்கு முழு ஆதரவு கிடையாதாம், நேரவலயமோ கோடைநேரமோ மாறினால் சிக்கலாம். கோடைநேரம் என்ற வழக்கமே இல்லாத நமக்கு இது எதற்கு என்று தோன்றும். ஆனால் 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டில் இலங்கையின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினோம். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தோம். 2006 ஏப்ரலில் பழைய இடத்துக்கே வந்தோம். கொழும்பின் நேரவலயக் கோப்பில் இந்தக் கூத்து முழுவதும் பதிவாகி, என் டிஸ்க்கிலும் கிடக்கிறது.

இருக்கட்டும், உள்ளூர் நேரத்திலேயே விட்டிருக்கிறேன். அரசாங்கம் மறுபடி மணிக்கூட்டில் கைவைத்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.