முன்பக்கத்து அம்மா, பின்பக்கத்துப் பெயர்

ஓசூரில் எந்தப் பலசரக்குக் கடைக்குப் போனாலும் உள்ளூர்ச் சிறுதொழில்களின் பொருள்களுக்கென்று ஒரு தட்டு இருக்கும். மாங்காய்த் தொக்கு, ராகி மாவு, சத்துமாவு, கொட்டை எடுத்த புளி, அப்பளம். பல பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பட்டுச்சேலை, நெற்றியில் குங்குமம், தலை நிறைய மல்லிகை, நல்ல சிவந்த நிறம். அவளுக்குப் பெயர் கிடையாது. அம்மா அல்லது பாட்டி, அவ்வளவுதான். பாக்கெட்டைத் திருப்பினால், எறும்பு எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். அந்த நிறுவனத்தின் உரிமையாளர் பெரும்பாலும் ஓர் ஆண்.

இந்த ஊரில் சிறுதொழில்களுக்கு லோகோ, லேபிள், இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் இந்த முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கதையையும் கவிதையையும் பெண்ணியப் பார்வையில் படிக்கக் கற்றுக்கொண்ட நாம், தினமும் சமையலறையில் கையில் எடுக்கும் இந்தப் பிரதியை அப்படிப் படிப்பதில்லை. அது ஒரு குறைதான் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த முகத்தை எடுத்துக்கொள்வோம். 'அம்மாவின் கைப்பக்குவம்', 'வீட்டு முறையில் செய்தது' என்ற வாசகங்கள் சுவைக்கு உத்தரவாதம் தருவதுபோலத் தெரிகின்றன. கூடவே இன்னொன்றையும் சொல்கின்றன: இதைச் செய்தது உழைப்பு அல்ல, அன்பு. அன்புக்குக் கூலி கேட்க முடியாது. விலை நிர்ணயிக்கும் தாளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மாங்காய், எண்ணெய், பாட்டில், மூடி, ஸ்டிக்கர், போக்குவரத்து, கடைக்காரர் கமிஷன் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். நறுக்கி, வதக்கி, கிளறி, ஆறவைத்து, அடைத்த கைகளுக்கு வரி இருக்காது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: நான்கு பெண்கள் ஒரு நாள் முழுக்க வேலை செய்து 100 பாட்டில் தொக்கு அடைக்கிறார்கள், ஒருவருக்கு நாள் கூலி 400 ரூபாய். பாட்டிலுக்கு 16 ரூபாய் கூலி வருகிறது. அந்த 16 ரூபாயைக் கண்ணிலிருந்து மறைக்கும் வேலையை முன்பக்கத்து அம்மா செய்துகொண்டிருக்கிறாள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல. அமெரிக்காவில் 'ஆன்ட் ஜெமைமா' என்ற பான்கேக் மாவின் பாக்கெட்டில் நூறாண்டுக்கு மேல் ஒரு கறுப்பினப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்தப் பாத்திரமாக மக்கள்முன் நின்ற நான்சி கிரீன், அடிமையாகப் பிறந்த பெண். வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் அடிமைப் பெண்கள் பட்ட பாட்டை, மனமுவந்து பரிமாறும் அத்தையின் சிரிப்பாக அந்தப் படம் மாற்றியது. 2020-இல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே அந்த முகமும் பெயரும் கைவிடப்பட்டன.

நம் லேபிள்களில் நிறவெறியின் இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் பெண்களும், பருவத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களும் லேபிளில் வரும் பட்டுச்சேலைப் பெண்ணைப் போல இருப்பதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பெண்கள் இங்கே வேலை செய்கிறார்கள். தலித் பெண்கள், இஸ்லாமியப் பெண்கள், கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். குங்குமமும் மல்லிகையும் வைத்த சுமங்கலியின் முகம் இவர்களில் பலரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் 'பாரம்பரியம்' என்று சிரிக்கிறது. எல்லை தாண்டிப் பெங்களூரிலும், இங்கே ஓசூரிலும் 'ஐயங்கார் பேக்கரி' என்ற பலகையை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். சில சாதிப் பெயர்கள் பலகையில் ஏறினால் சுத்தத்துக்குச் சான்றாகின்றன. மற்றவர்களின் கைகள் பாக்கெட்டுக்குள் இருக்கலாம், மேலே தெரியக் கூடாது.

இனிப் பின்பக்கம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரிப்பவர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணும் வேண்டும். இந்தக் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளத் தடையில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. பாக்கெட்டில் இடம் குறைவு என்றால் முதலில் வெட்டுப்படுவது தமிழ்தான். விளைவு, தன் பெயரில் உரிமம் எடுத்த பெண்ணுக்குக்கூடத் தன் லேபிளின் சட்டப் பகுதியை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏதாவது பிழை என்றால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

மொழி விஷயத்தில் இந்த எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பெண்கள் ராகி என்கிறார்கள். லேபிளில் 'கேழ்வரகு' என்று போட்டால் சென்னைக்குப் புரியும். 'ஃபிங்கர் மில்லட்' என்று போட்டால் பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டில் விலை ஏறும். எந்தச் சொல் யாருக்காக என்ற முடிவு டிசைனரின் மேசையில் எடுக்கப்படுகிறது. அந்த மேசைக்கு மாவு அரைத்தவள் அழைக்கப்படுவதில்லை.

இணையதளம் வந்த பிறகு பின்பக்கம் இன்னும் நீண்டிருக்கிறது. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை நான் பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதன் கதை எனக்கு மனப்பாடம். மகன் பெங்களூரில் ஐடி வேலையை விடுகிறான், அம்மாவின் கைமணத்தை உலகுக்குக் கொண்டுசெல்லக் கிளம்புகிறான். நிறுவனர் மகன், உத்வேகம் அம்மா. இணைய முகவரி மகனின் பெயரில், வங்கிக் கணக்கு மகனின் பெயரில், ஓடிபி மகனின் கைப்பேசிக்கு. நாளை குடும்பத்தில் ஒரு மனத்தாங்கல் வந்தால், தன் முகம் பதித்த பாட்டிலை விற்கும் உரிமை அந்த அம்மாவுக்கு இருக்காது.

இத்தனைக்கும், தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் பிறந்த மண் இது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் அந்தத் திட்டம் முதலில் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் 2004 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அடுத்து வந்த தொண்ணூறுகளில், மைராடா தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் குழுப் பெண்கள் சேர்ந்து 'மீடோ' என்ற நிறுவனத்தை உருவாக்கி, ஓசூரின் டைட்டன் ஆலைக்குக் கைக்கடிகாரச் சங்கிலி வேலையைச் செய்துகொடுத்தார்கள். கிராமத்துப் பெண்களே உரிமையாளர்களான நிறுவனம் அது, சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கடிகாரம் வாங்கியவருக்கு அந்தப் பெயர் தெரிய வழியில்லை. பெரிய பிராண்டுக்குப் பாகம் செய்கிறவர்களின் விதி அது என்று விட்டுவிடலாம். தன் தொக்கைத் தானே செய்து தானே விற்கும் பெண்ணுக்கும் அதே விதி ஏன்?

குழுப் பொருள்களுக்கென்று 'மதி' என்ற பொதுப் பெயரை மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தந்திருக்கிறது. தனியாக விளம்பரம் செய்ய வசதியில்லாத குழுவுக்கு அது பெரிய நிழல். பொதுப் பெயர் பெரிதாகவும் குழுவின் பெயரும் ஊரும் சிறிதாகவும் இருந்தால் அந்த நிழலில் குழு கரைந்துபோகும். இரண்டையும் அளவோடு வைக்க ஒரு நல்ல டிசைனரால் முடியும்.

அம்மா முகம்தான் விற்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். லேபிளில் ஒரு பெண் முகத்தைப் பார்த்துப் பெருமைப்படும் குழுப் பெண்களும் உண்டு. அதற்காக, செய்தவர்களின் நிஜப் புகைப்படத்தைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டு பேரில் யார் முகம் என்ற சண்டை வரும். முகமும் கைப்பேசி எண்ணும் ஒரே பாக்கெட்டில் இருந்தால் என்ன அழைப்புகள் வரும் என்பது பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முகத்தைவிடப் பெயர் முக்கியம். மும்பையில் 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். இன்றும் அந்தப் பாக்கெட்டில் 'ஸ்ரீ மகிளா கிருஹ உத்யோக் லிஜ்ஜத் பாப்பட்' என்று பெண்களின் அமைப்பும் பொருளும் ஒரே பெயராக நிற்கின்றன. அங்கே அப்பளம் இடும் உறுப்பினர்களே உரிமையாளர்கள். லேபிள் அதைத்தான் சொல்கிறது, கூடுதலாக எதையும் புனையவில்லை.

நம் குழுக்களுக்கும் வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தில் 'கூட்டுச் சின்னம்' என்ற ஏற்பாடு உண்டு. முறையாகப் பதிவான ஒரு கூட்டமைப்பு சின்னத்துக்கு உரிமையாளராக இருக்கலாம், உறுப்பினர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்தலாம். ஒருவர் விலகினாலும் பெயர் அவரோடு போகாது. இணைய முகவரியையும் மின்னஞ்சலையும் குழுவின் பெயரிலேயே எடுக்கலாம். குழுவின் பெயரையும் ஊரையும் முன்பக்கத்தில், தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் போடலாம். இவற்றில் எதற்கும் லேபிள் அச்சிடும் செலவு கூடாது.

லோகோவுக்கு எந்த நிறம், எந்த எழுத்து என்று ஒரு வாரம் பேசுகிறவர்கள், பதிவுப் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற கட்டத்தை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். பெண்கள் அதிக நேரம் பேச வேண்டியது அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.