உப்பளமும் வகுப்பறையும்: விஞ்ஞானங் கற்பித்தல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞானம் என்பது முடிந்த முடிபுகளின் தொகுதி அன்று. மனிதன் உழைப்பின் வாயிலாக இயற்கையோடு கொண்ட உறவினின்றும் பிறந்து, அவ்வுழைப்பையே மாற்றியமைக்கும் அறிவு அது. எமது பாடசாலைகளிலோ அது பரீட்சைக்காக மனனஞ் செய்யப்படும் வரைவிலக்கணங்களாகச் சுருங்கி நிற்கின்றது. இம்முரண்பாட்டை ஆராய்தற்குப் புத்தளம் மாவட்டக் கரையோரம் தக்கதோர் களமாகும்.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தை யாவர்க்கும் பொதுப் பாடமாக்கியது. விஞ்ஞானம் வசதி படைத்த சிலரின் உடைமை என்ற நிலையைத் தகர்க்க முனைந்தமை அதன் முற்போக்கான அம்சமாகும். பிரதேசத் தொழில்களையும் அது தொழின்முன்னிலைப் பாடமாகப் புகுத்தியது. ஆயின் தொழில் ஒரு பாடம், விஞ்ஞானம் வேறொரு பாடம் என்ற பிரிவு நீங்கவில்லை. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் அம்முயற்சியும் கைவிடப்பட்டது. 2007ஆம் ஆண்டின் தேர்ச்சி மையக் கலைத்திட்டம், ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என ஐந்து படிகளை வகுத்தது. படிகள் ஏற்புடையனவே, எதனை ஆராய்வது என்பதே வினா.

புத்தளத்து உப்பளத்தை நோக்குவோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. வரட்சிக் காலத்திற் களப்பு நீர் இதனினுஞ் செறிவு மிக்கதாகும். அந்நீர் பாத்திக்குப் பாத்தி கடந்து வெயிலிலும் காற்றிலும் ஆவியாகையில் உப்புகள் யாவும் ஒருங்கே படிவதில்லை. முதலிற் கல்சியங் காபனேற்றும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. செறிவு போமே அளவில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போதே கறியுப்பு பளிங்காகின்றது. 30 பாகையை அணுகுமுன் எஞ்சிய நீரை வெளியேற்றாவிடின் மகனீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும். ஈரத்தை ஈர்த்துக் கசியும். கரைதிறன், செறிவு, அடர்த்தி, பளிங்காக்கல் ஆகிய எண்ணக்கருக்கள் ஒரே பாத்தி வரிசையிற் காணக்கிடக்கின்றன. ஆய்வுகூடமில்லாப் பாடசாலையிலும், குளிர்பானம் உறிஞ்சும் குழலின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்தால் அது நீரமானியாகும். கிணற்று நீரிலும், களப்பு நீரிலும், பாத்தி நீரிலும் அது எவ்வளவு அமிழ்கின்றது எனக் குறித்து, காரணத்தை மாணவரே வினவுதல் கூடும்.

சூழலைக் காட்டினாற் போதும் என்பாரும் உளர். அது பிழையான முடிபாகும். எஞ்சிய நீரை எப்போது வெளியேற்ற வேண்டும் என்பதை உப்பளத் தொழிலாளி அனுபவத்தால் அறிவார். ஏன் என்பதை அனுபவம் தானாகக் கூறாது. அயன்கள் கண்ணுக்குப் புலனாவதில்லை. அனுபவத்தைக் கோட்பாட்டு நிலைக்கு உயர்த்துவதே ஆசிரியர் பணி. கோட்பாட்டை விலக்கிச் சூழலை மட்டுங் கற்பித்தல், தொழிலாளியின் பிள்ளையை உப்பளத்திலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடாகவும் மாறலாம்.

கோட்பாடும் சமூகத்தினின்று பிரிதலாகாது. 1996இல் இம்மாவட்டத்து இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கியது. ஒல்லாந்தர் கால்வாயையும் முந்தல் களப்பையும் அண்டி நெருக்கமாக அமைந்த பண்ணைகளில், ஒன்றின் கழிவுநீரே மற்றொன்றின் உள்வருநீராயிற்று. வைரசு எளிதிற் பரவிற்று. இது உயிரியற் பாடம் மட்டுமன்று. பொது நீர் தனி இலாபத்திற்கு உட்பட்டதன் பாடமுமாகும்.

இறுதியாக ஒன்று. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உண்டு. அத்தகைய பாடசாலையும் விஞ்ஞான ஆசிரியரும் எட்டாத கிராமத்திற் கற்பித்தல் முறை பற்றி மட்டும் பேசுதல் பாதி உண்மையே. முறையும் வளமும் ஒருங்கே கோரப்படல் வேண்டும். மீனவர், உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஏறாது என்ற கூற்று அப்பொழுதே உண்மையிற் பரிசோதிக்கப்படும். அதுவரை அது விஞ்ஞான முடிபன்று, வெறும் முற்சாய்வே.